உட்கார்ந்து நடந்த ரெங்கசாமி

இனி நடப்பதில்லை என்று ரெங்கசாமி முடிவெடுத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் எடுக்கும் முடிவுகளில் பாதியை மனைவி திருத்திவிடுவாள், மீதியை அவரே மறந்துவிடுவார். இது மட்டும் அப்படி ஆகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

மன்னார்குடி டாக்டர் சொன்னது வேறு. சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதிக்குத் தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரெங்கசாமியும் மறுநாள் காலையில் நடந்துதான் பார்த்தார். கருவேலங்குடியில் காரியமில்லாமல் நடப்பது அத்தனை லேசில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்பார்கள். சும்மாதான் என்றால் நம்ப மாட்டார்கள். அதிலும் டிராக்டர் வைத்திருக்கிறவர் கால்நடையாகப் போனால் ஊருக்குத் தெரிந்த காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, வண்டி ரிப்பேர். இல்லாவிட்டால் தவணை கட்டவில்லை என்று பைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிவிட்டான். அவர் பாலம் வரை போய்த் திரும்புவதற்குள் டீக்கடை மருதையன் வீட்டுக்கே வந்து, பைனான்ஸ் ஆபீசில் தனக்கு ஆள் தெரியும், பேசிப் பார்க்கட்டுமா என்று பூவம்மாளிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கு எடுத்த முடிவுதான் அது.

பூவம்மாள் வாதாடவில்லை. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் வாதாடிப் பலனில்லை என்பதை அவள் முதல் இரண்டு வருடத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டாள். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் வானதிக்கு விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். வானதி அன்று மாலையே வீடியோவில் வந்தாள்.

“அப்பா, ஒரு வாட்ச் அனுப்புறேன். அதக் கட்டிக்கிட்டு தினம் எட்டாயிரம் ஸ்டெப் நடக்கணும். நீங்க எவ்வளவு நடக்குறீங்கன்னு என் போன்லயே தெரியும். நடக்கலன்னா டிராக்டர வித்துருவோம். அதுல உக்காந்து உக்காந்துதான் இவ்வளவும்.”

என் டிராக்டரை யார் விற்பது என்று ரெங்கசாமி சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. டிராக்டரின் ஆர்.சி. புத்தகம் பூவம்மாள் பேரில் இருந்தது. பெண் விவசாயி என்றால் மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்று வாங்கும்போது அவர் செய்த ஏற்பாடு. அப்போது ஊரே அவருடைய மூளையை மெச்சியது. அவள் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அவளை அந்த வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனதில்லை.

அதே வீடியோவில் வானதி இன்னொன்றும் சொன்னாள். மூன்று மாதம். இரண்டாவது பிள்ளை. கார்த்திகையில் பிரசவம் இருக்கும். பூவம்மாள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அதை அவளே அணைத்துக்கொண்டாள்.

காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் பிரசவத்தின்போது, பூவம்மாள் பாஸ்போர்ட் எடுத்து, லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்து, பெட்டி கட்டி வைத்திருந்தாள். கிளம்புகிற அன்று காலையில் ரெங்கசாமி கொல்லைப்பக்கம் மயங்கி விழுந்தார். டிக்கெட் வீணாகப் போனது. வானதி அந்த ஊரில் சம்பளத்துக்கு வைத்த ஆயாவின் துணையில் பிள்ளை பெற்றாள். அந்த மயக்கத்தில் எவ்வளவு நிஜம் என்று ரெங்கசாமிக்கே சரியாகத் தெரியாது. காலையில் எழுந்தால் காப்பி யார் போடுவது என்ற யோசனை வந்தது, தலை சுற்றியது, விழுந்துவிட்டார். காஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பூவம்மாள் அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனி பிறப்பதற்குள் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் வாட்ச் வந்துவிட்டது. கூடவே பஞ்சு மாதிரி ஒரு ஜோடி ஷூ. அதன் அடியில் வட்டமாக மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஷூவைப் பெட்டியோடு பரண்மேல் வைத்துவிட்டு, மகள் மனம் நோகக் கூடாது என்று வாட்சை மட்டும் இடது கையில் கட்டிக்கொண்டு ரெங்கசாமி குறுவைக்குச் சேறடிக்கப் போனார்.

ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் நிறைந்திருந்த நேரம். சேற்றில் புதையாத இரும்புக் கேஜ் வீல் மாட்டி, காலை ஆறரைக்கு இறங்கியவர் பதினோரு மணிக்குக் கரையேறினார். அப்போது வாட்ச் அவர் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கியது. பார்த்தால் அதன் முகத்தில் வாணவேடிக்கை. எட்டாயிரம் தாண்டிப் பதினோராயிரத்து நானூறு என்று காட்டியது. காலைத் தரையில் வைத்தது வண்டியில் ஏறவும் இறங்கவும், ஒருமுறை வரப்போரம் ஒதுங்கவும்தான். ஸ்டியரிங் பிடித்த கை குலுங்கிய குலுக்கலை எல்லாம் அந்த வாட்ச் நடையாக எடுத்துக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி சேற்றில் நின்றபடி சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை. போனில் மகளிடமிருந்து மூன்று கட்டைவிரலும் ஒரு முத்தமும் வந்திருந்தன. அவர் வாழ்க்கையில் உட்கார்ந்த இடத்தில் வந்த முதல் வருமானம் அதுதான்.

ஒரு வாரத்தில் அவர் அந்த விஷயத்தில் நிபுணராகிவிட்டார். ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றிலொரு பங்கு, சேறடித்தால் ஆயிரத்து நானூறு ஸ்டெப். அதே வண்டியைக் கேஜ் வீலோடு கப்பி ரோட்டில் ஓட்டினால் பத்து நிமிஷத்தில் ஆயிரம். டிராக்டருக்கு வேலையில்லாத நாளில் மொபெட் இருந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தால் மற்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையில் கைவைப்பார்கள். ரெங்கசாமி மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி ஆனந்தமாக நிற்பார். ஒரு கூட்ஸ் வண்டிக்கு அறுநூற்றைம்பது. எஞ்சின் மாற்றுவதற்காக ஒரு ரயில் நின்றுவிட்டால் ஆயிரத்து நூறு. இடத்தைவிட்டு அசையாமல் அரைமைல் நடந்த மனிதர் அந்தக் கேட்டில் அவர் ஒருவர்தான்.

ஆடி முடிவதற்குள் தினசரிக் கணக்கு இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டது. டீக்கடையில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நடையின் மகிமையைப் பற்றிப் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். முழங்கால் வலிக்கு எப்படி நடக்க வேண்டும், மலச்சிக்கலுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று தனித்தனியாக யோசனை சொன்னார். நீங்கள் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லையே என்று மருதையன் ஒருநாள் கேட்டுவிட்டான். நீ எழுந்திருப்பதற்கு முன்னால் நடந்து முடித்துவிடுகிறேன் என்றார். அவன் கடை திறப்பது நாலரை மணிக்கு. அவன் டம்ளரைக் கழுவப் போனான்.

பூவம்மாள் தினமும் மாலையில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். இன்னைக்கு எவ்வளவுங்க? அவர் சொல்வார். பரவாயில்லையே என்பாள். பிறகு தட்டு வைப்பாள். அந்தத் தட்டில்தான் மாற்றம் தெரிந்தது. சோறு முதலில் முக்கால் பங்காகியது, பிறகு பாதியாகியது. மீதி இடத்தைப் பாகற்காய் பிடித்துக்கொண்டது. காலையில் வெந்தயத் தண்ணீர், இரவுக்குக் கேழ்வரகு அடை. காப்பியில் சர்க்கரை நின்றது. என்ன இது என்று ஒருநாள் தட்டைத் தள்ளினார்.

“இவ்வளவு தூரம் நடக்குற மனுசன் வயித்துல பாரம் ஏத்தக் கூடாதுங்க. டாக்டரம்மா டிவில சொன்னாங்க. நடக்காதவங்களுக்குன்னா பரவாயில்ல, முன்ன மாதிரியே போடுறேன்.”

நடக்காதவர் என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? பாகற்காயைத் தின்றார். அந்த ஆவணி முழுக்கத் தின்றார். வாய் கசந்து, மனசும் கசந்து போயிற்று.

நடுவில் ஒருநாள் டிராக்டர் ஹைட்ராலிக் போய்விட்டது. மன்னார்குடிப் பட்டறையில் விடிந்ததிலிருந்து அந்தி வரை உட்கார்ந்திருந்தார். அங்கே போன பிறகுதான் வாட்சை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. இன்றைக்குக் கணக்கு சைபர், மகள் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ச் சார்ஜரில்தான் இருந்தது. பதினாறாயிரத்து இருநூறு என்று காட்டியது. சார்ஜ் ஏற ஏற ஸ்டெப்பும் தானாக ஏறும்போல என்று முடிவுக்கு வந்து, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

புரட்டாசி முதல் வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு. மூன்று மாதச் சராசரியும் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் எழுந்து கைகொடுத்தார். ரெங்கசாமிக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு, உடம்பு குலுங்கினால் போதும், சர்க்கரைக்குக் காலென்ன கையென்ன என்று தோன்றிவிட்டது. அதை மருதையன் கடையில் சொல்லவும் செய்தார். ரிப்போர்ட்டைப் பூவம்மாள் வாங்கி, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வானதியும் மருமகன் சூர்யபிரகாஷும் வந்தார்கள். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பூவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வானதிக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. கால் வீங்கியிருப்பதாகச் சொன்னாள். அம்மா வந்தால் தேவலை என்றாள். ஐப்பசி கடைசிக்கு டிக்கெட் பார்க்கட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார்.

ரெங்கசாமியின் வலது கை நெற்றிக்குப் போனது. யாரும் சொல்லாமல் அதுவாகவே போனது. போகட்டும்மா, நான் என்ன வேணாம்னா சொல்றேன், எனக்குத்தான் அப்பப்போ கண்ணை இருட்டிக்கிட்டு வருது என்று ஆரம்பித்தார்.

பூவம்மாள் பக்கத்திலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் ரத்த ரிப்போர்ட். அதைப் போனுக்கு நேராகக் காட்டினாள். வானதி படித்துவிட்டுக் கைதட்டினாள். அடுத்தது ஷூ. அதைப் போனுக்குக் காட்டவில்லை. போனின் கண்ணுக்கு எட்டாமல், தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். மூன்றே மாதத்தில் பதினைந்து லட்சம் அடி நடந்த ஷூவின் அடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. மூன்றாவதாக வந்தது டிராக்டரின் ஆர்.சி. புத்தகம். அதை ஷூவின் மேல் வைத்தாள். ரெங்கசாமியின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

“நம்ம துரைராசு நேத்துகூட கேட்டான், வண்டியக் கொடுக்குறதா இருந்தா சொல்லுங்க அக்கான்னு” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. துரைராசு அவளுடைய தம்பி. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, மகள் காதில் விழும்படி நிதானமாகக் கேட்டாள். “தினம் இருபத்தஞ்சாயிரம் நடக்குற மனுசனுக்குக் கண்ணு ஏங்க இருட்டப்போவுது? நீங்க நடந்தீங்கதானே?”

நடக்கவில்லை என்றால் டிராக்டர் போகும். நடந்தேன் என்றால் பூவம்மாள் போவாள். திரையில் மகள் கன்னத்தில் கைவைத்துப் பதிலுக்குக் காத்திருந்தாள். மருமகன் முகத்தில் மரியாதை தெரிந்தது. இருபத்தைந்தாயிரம் நடக்கிற மாமனார் எல்லோருக்குமா கிடைப்பார்?

“நடந்தேன்” என்றார் ரெங்கசாமி.

“அப்ப டிக்கெட்ட போட்டுருங்க மாப்பிள்ள. இவருக்கு ஒண்ணுமில்ல. என்னைவிடத் திடமா இருக்காரு.”

போனை அணைத்ததும் அவர்தான், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றாள். நடந்து வந்த காலுக்கும் உட்கார்ந்து வந்த காலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருடம் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தேன் என்றாள். அப்புறம் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, சொல்லியிருந்தால் நீங்கள் நோயாளியாகவே இருந்திருப்பீர்கள், நான் எப்படிக் கிளம்புவது என்றாள். சர்க்கரையை இறக்கியது பாகற்காயும் அவள் அளந்து போட்ட சோறும் என்பது அப்போதுதான் அவருக்கு மெல்ல உறைத்தது. உறைத்ததும், பட்டறைக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது.

“அன்னைக்கு வாட்ச்சுல பதினாறாயிரம் இருந்துச்சே?”

“அது நான். சார்ஜுலேருந்து எடுத்துக் கையில கட்டிக்கிட்டேன். மாடு, தொழுவம், தண்ணி, அடுப்பு, களத்துக்கு ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. விசேஷமா ஒண்ணும் நடக்கலங்க. தினம் நடக்குறதுதான். யாரும் எண்ணிப் பாக்கல.”

ரெங்கசாமிக்கு அந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பழக்கமில்லாததால் பழைய சமாதானம்தான் வாயில் வந்தது. எனக்கு அன்றைக்கு நிஜமாகவே மயக்கம் வந்தது, முதல் பிரசவத்தப்போ, என்று மட்டும் முனகினார். பூவம்மாள் ஆர்.சி. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டே எழுந்தாள்.

“கொல்லை பூரா கருங்கல்லு கெடந்துச்சு. நீங்க விழுந்தது வைக்கோல் போருமேல. மயக்கம் வந்தவங்க எடம் பாத்து விழ மாட்டாங்க. எம் பொண்ணு தனியா கெடந்து கத்துனா. அத நான் போன்ல கேட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி கடைசியில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினாள். போவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் தங்கமணி மூன்று வேளையும் ரெங்கசாமிக்குச் சாப்பாடு தருவாள். அதற்குப் பதிலாகப் பூவம்மாள் திரும்பி வரும்வரை மொபெட்டைத் தங்கமணி வைத்துக்கொள்வாள். மாட்டையும் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தர அவளால் முடியாது, வேளைக்கு அவர்தான் வர வேண்டும். தங்கமணியின் வீடு பாலம் தாண்டி, ஆற்றங்கரையோடு போய், கடைசித் தெருவில் கடைசி வீடு. போக ஒன்றேகால் கிலோமீட்டர், வர ஒன்றேகால். என்ன சமைக்க வேண்டும் என்ற பட்டியலையும் பூவம்மாள் எழுதிக் கொடுத்திருந்தாள். பாகற்காய் அதில் வாரத்துக்கு நான்கு நாள் வந்தது.

முதல் நாள் ரெங்கசாமி டிராக்டரிலேயே இட்லி சாப்பிடப் போனார். மூன்று இட்லிக்காக நாற்பத்தைந்து குதிரைசக்தி வண்டி ஆற்றங்கரையில் உறுமிக்கொண்டு போவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பைனான்ஸ்காரன் பிடிக்காமல் இருக்க வண்டியை வீட்டில் நிறுத்துவதில்லையாம் என்று மருதையன் கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைத் தடத்தில் பின் சக்கரம் அச்சு வரை இறங்கி, வேறொரு டிராக்டரை வைத்து இழுக்க வேண்டியிருந்தது. அதோடு வண்டி கொட்டகையில் ஏறிவிட்டது. ஊரில் நடவெல்லாம் முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. இனி அறுப்பு முடியும்வரை டிராக்டருக்கு எங்கேயும் வேலையில்லை. காப்பாற்றிக்கொண்ட டிராக்டரைத் தினமும் ஒருமுறை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

மறுபடியும் பரணேறியிருந்த ஷூ கீழே இறங்கியது. குடையோடு நடந்தார். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டவர்களிடம் சாப்பிட என்று சொன்னார், அதற்கு மட்டும் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடியும் வந்தது. காப்பிக்காகக் காலையில் ஒருமுறை காஸ் அடுப்பைத் திருகிப் பார்த்து, புருவத்தில் பாதியை இழந்தார். பூவம்மாள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராதபோதுதான் அவள் இல்லை என்பது உறைக்கும். ஒருநாள் அவள் வைத்துவிட்டுப் போன வெந்தய டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார். அவள் இருக்கும்போது அந்த வீட்டில் இத்தனை சத்தம் இருந்ததை அவர் கவனித்ததே இல்லை.

கார்த்திகை பத்தாம் தேதி பேத்தி பிறந்தாள். நான்கு நாள் கழித்து வீடியோவில் காட்டினார்கள். சிவப்புத் துணிக்குள் சின்ன முகம். பார்த்ததும் அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒரு பக்கெட் வெந்நீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கணக்கு ஒன்பதாயிரத்து நானூறு. அத்தனையும் அவருடைய சொந்தக் காலால் நடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண்ணை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார்.

வானதி குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, போனில் எதையோ தள்ளிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“என்னப்பா இது? அம்மா இருந்தப்ப இருபத்தஞ்சாயிரம் நடந்தீங்க. இப்ப ஒன்பதாயிரத்தத் தாண்டவே மாட்டேங்குது. அம்மா இந்தப் பக்கம் வந்ததும் சோம்பேறியாயிட்டீங்களா?”

ரெங்கசாமி வாயைத் திறந்தார். இதுதானம்மா நிஜம் என்று சொல்ல வந்தவர், அப்படியானால் அந்த இருபத்தைந்தாயிரம் என்ன என்று அவள் கேட்பாள் என்பது நினைவுக்கு வந்து, திறந்த வாயை மூடிக்கொண்டார். அப்போது மகளுக்குப் பின்னாலிருந்து, கடல் தாண்டி, அவருக்கு நன்றாகப் பழக்கப்பட்ட குரல் கேட்டது.

“விடும்மா, பாவம். இவ்வளவு நாளா ஓயாம நடந்தவரு, இப்பதான் கொஞ்சம் உக்காந்து ஓய்வெடுக்குறாரு.”